டிரம் வராத டிரான்ஸ்: லொரென்சோ சென்னியின் ஆல்பங்களை எப்படிக் கேட்பது?

இத்தாலிக்காரர் லொரென்சோ சென்னியின் இசையை முதல்முறை கேட்பவருக்கு ஒரே சந்தேகம்தான் வரும்: பாட்டு எப்போது தொடங்கும்? சிந்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவி துள்ளுகிறது, மேலே ஏறுகிறது, இதோ டிரம் விழப்போகிறது என்று காது தயாராகிறது. விழுவதில்லை. மறுபடி ஏறுகிறது, மறுபடியும் ஒன்றும் இல்லை. அப்படியே டிராக் முடிந்துவிடுகிறது. பதிவிறக்கம் பாதியில் நின்றுவிட்டதோ, இயர்போனில் ஒரு பக்கம் போய்விட்டதோ என்று சோதித்துப் பார்ப்பவர்களும் உண்டு.

கோப்பில் பழுது எதுவும் இல்லை. டிரான்ஸ் என்ற மின்னணு நடன இசையின் மையத்தூண் என்று கருதப்படும் கிக் டிரம்மை, அதாவது 'தும் தும்' என்று விழும் கனத்த அடியை, வேண்டுமென்றே எடுத்துவிட்டு, மிச்சத்தை மட்டும் வைத்துக் கட்டிய இசை இது. எடுத்தது எது என்று தெரியாவிட்டால் மிச்சம் இருப்பது வெறும் சிதறலாகத்தான் கேட்கும். எனவே எடுக்கப்பட்ட பொருளிலிருந்தே தொடங்குவோம்.

டிரான்ஸ் என்ற கட்டடம்

டிரான்ஸ் என்றால் தன்னை மறந்த நிலை. உடுக்கைச் சத்தத்தில் அருள் வந்து ஆடுபவரைப் பார்த்தவர்களுக்குப் பெயர்க் காரணத்தைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. உடுக்கையில் வேகம் உண்மையாகவே கூடும். டிரான்ஸில் வேகம் தொடக்கம் முதல் கடைசிவரை நூல் பிடித்தாற்போல ஒன்றே. கூடுவதுபோலத் தோன்றுவதெல்லாம் வேறு உத்திகளின் வேலை.

1990களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட், பெர்லின் கிளப்புகளில் டெக்னோவிலிருந்து கிளைத்த வடிவம் இது. அந்தப் பத்தாண்டின் முடிவில் நெதர்லாந்து, இங்கிலாந்து வழியாகப் பெரிய அரங்குகளுக்குப் போய்ச் சேர்ந்தது. கோவா கடற்கரையில் வளர்ந்த கிளை தனி. அதன் ஒலியும் தனி. இங்கே பேசப்போவது ஐரோப்பிய அரங்கு டிரான்ஸைப் பற்றி.

கணக்கைப் பார்ப்போம். பரவலாகப் பயன்படும் வேகங்களில் ஒன்று நிமிடத்துக்கு 138 பீட். ஒரு பீட் 0.435 வினாடி. நான்கு பீட் சேர்ந்தது ஒரு பார், அது 1.74 வினாடி. மாற்றங்கள் எல்லாம் 8, 16, 32 பார்களின் எல்லையில்தான் நடக்கும். 16 பார் என்றால் ஏறத்தாழ 28 வினாடி, 32 பார் என்றால் ஏறத்தாழ 56 வினாடி. டிரான்ஸ் கேட்டுப் பழகியவர் எண்ணுவதில்லை, ஆனால் உடம்பு எண்ணிக்கொண்டிருக்கும். 32-ஆவது பார் முடியும்போது ஏதாவது நடந்தாக வேண்டும் என்று அதற்குத் தெரியும்.

வழக்கமான டிராக் இந்த வரிசையில் போகும்:

1. தொடக்கம். கிக் டிரம் ஒவ்வொரு பீட்டிலும் விழும், அதற்கிடையே ஹை-ஹாட் என்ற ஜால்ரா போன்ற தட்டொலி. டிஜே இன்னொரு டிராக்கோடு இணைப்பதற்கான இடம் இது.
2. பேஸ் என்ற கீழ்ச்சுர வரிசையும், சுரங்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கும் சிறு ஆர்பெஜியோவும் ஒவ்வொன்றாகச் சேரும்.
3. பிரேக்டவுன். கிக்கும் பேஸும் நின்றுவிடும். கார்டுகளும் (ஒரே நேரத்தில் ஒலிக்கும் சுரக்கூட்டம்) மெட்டும் மட்டும் மிதக்கும்.
4. பில்ட்-அப். மெட்டு பிரகாசமாகிக்கொண்டே போகும், ஸ்னேர் என்ற சடசடக்கும் டிரம் உருளும், இரைச்சல் மேலேறும்.
5. டிராப். கிக், பேஸ், மெட்டு எல்லாம் ஒரே கணத்தில் விழும். கூட்டம் கைகளை உயர்த்துவது இங்கேதான்.
6. முடிவு. சேர்த்தவை ஒவ்வொன்றாகக் கழியும்.

சென்னி எடுத்துக்கொள்வது மூன்றையும் நான்கையும் மட்டும். ஐந்து வராது.

ஏற்றம் எதனால் ஏற்றமாகக் கேட்கிறது

பில்ட்-அப்பில் வேகம் மாறவில்லை, பெரும்பாலும் சுரமும் மாறவில்லை. அப்படியிருந்தும் நெஞ்சு ஏன் படபடக்கிறது? காரணம் மூன்று.

முதலாவது ஸ்னேர் உருட்டல். பீட்டுக்கு ஒரு அடி, பிறகு இரண்டு, நான்கு, எட்டு. ஒவ்வொரு படியிலும் அடி இரட்டிக்கிறது. 138 வேகத்தில் பீட்டுக்கு நான்கு அடி என்றால் ஓர் அடிக்கும் அடுத்ததற்கும் 109 மில்லிசெகண்ட். எட்டு என்றால் 54. லய வாசனை உள்ளவர்கள் இதைக் காலப் பிரமாணம் மாறாமல் நடையை இரட்டிப்பது என்று உடனே பிடித்துக்கொள்வார்கள்.

இரண்டாவது ஃபில்டர். சிந்தசைசரில் அதிகம் பயன்படும் அலைவடிவம் ரம்பப்பல் அலை. ஓர் அடிச்சுரத்தோடு அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு என்று எல்லா மேற்சுரங்களும் அதில் உண்டு. மேலே போகப்போக வலு குறையும். இரண்டாவது அரைப்பங்கு, மூன்றாவது மூன்றில் ஒரு பங்கு, இப்படி. அடிச்சுரம் 220 ஹெர்ட்ஸ் என்று கொள்வோம். குறித்த அதிர்வெண்ணுக்கு மேலுள்ளதைத் தடுக்கும் லோ-பாஸ் ஃபில்டரை 500 ஹெர்ட்ஸில் வைத்தால் தங்குதடையின்றி வருவது 220, 440 இரண்டும் மட்டுமே. போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல மங்கலாக இருக்கும். அதே ஃபில்டரை மெதுவாக 5000 வரை திறந்தால் அடிச்சுரத்தையும் சேர்த்து 22 அதிர்வெண்கள் வெளியே வரும். வாசிக்கும் சுரம் அதேதான், ஒலியோ சாணை பிடித்த கத்தியாகிவிடுகிறது. டிரான்ஸில் 'ஏறுகிறது' என்று காது சொல்வதில் பாதி இந்தத் திறப்புதான்.

மூன்றாவதுதான் நமக்கு முக்கியம்: கிக் இல்லாமை. பல நிமிடம் ஒவ்வொரு 0.435 வினாடிக்கும் விழுந்துகொண்டிருந்த அடி நின்ற பிறகும், கேட்பவர் அதை உள்ளே அடித்துக்கொண்டுதான் இருப்பார். இல்லாத அடி, இருந்த அடியைவிடப் பலமாகத் தன்னை உணர்த்தும்.

கச்சேரிக்குப் போகிறவர்களுக்கு இது புதிதல்ல. மிருதங்கக்காரர் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தில் குறைப்பு முடிந்து, மோரா வந்து, முடிப்பான கோர்வை தொடங்கும்போது அரங்கு நிமிர்ந்து உட்காரும். கோர்வை மும்முறை சுழன்று, பாட்டின் வரி தொடங்கும் இடமான எடுப்பில் வந்து விழும், பாடகர் வரியை எடுப்பார், கைதட்டல். அந்தக் கடைசிச் சுற்று எடுப்புக்கு ஒரு மாத்திரை முன்னால் நின்றுவிட்டது என்று நினைத்துப் பாருங்கள். பிறகு கோர்வையை முதலிலிருந்து, சற்றே மாற்றி, மறுபடி தொடங்குகிறார்கள். மறுபடியும் எடுப்பு இல்லை. எரிச்சல் வரும்தான். ஐந்தாவது முறை வேறொன்றும் நடக்கும்: எடுப்பை எதிர்பார்ப்பதை விட்டுவிட்டு, கோர்வையின் உள்கணக்கைக் காது கவனிக்கத் தொடங்கும். சென்னி நம்பியிருப்பது அந்த மாற்றத்தைத்தான்.

ஒப்புமையை ரொம்ப இழுக்க முடியாது. கோர்வை கணக்கால் இறுக்குகிறது, டிரான்ஸ் பெரும்பாலும் ஒலியின் நிறத்தால் இறுக்குகிறது. அந்த நிறத்தைத் தரும் இயந்திரத்தைத் தெரிந்துகொள்ளாமல் மேலே போக முடியாது.

சூப்பர்சா: ஒரு சாவிக்கு ஏழு அலை

ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1990களின் நடுவில் ஜேபி-8000 என்ற சிந்தசைசரை வெளியிட்டது. 49 சாவி, ஒரே நேரத்தில் 8 சுரம். பழைய அனலாக் கருவியின் நடத்தையை டிஜிட்டல் முறையில் போலச் செய்யும் கருவி. அதில் 'சூப்பர் சா' என்றொரு அலைவடிவம் இருந்தது. அரங்கு டிரான்ஸின் குரல் என்று இன்று நாம் அடையாளம் காண்பது ஏறத்தாழ முழுவதும் அதன் குழந்தை.

உள்ளே நடப்பது இதுதான். ஒரு சாவியை அழுத்தினால் ஒரு ரம்பப்பல் அலைக்குப் பதிலாக ஏழு புறப்படும். நடுவில் ஒன்று சுத்தச் சுருதியில். மேலே மூன்றும் கீழே மூன்றும் சற்றே சுருதி விலகி. இரண்டு குமிழ்கள்: ஒன்று விலகலின் அளவு, மற்றொன்று நடு அலைக்கும் ஓர அலைகளுக்கும் இடையிலான கலவை.

சுருதி விலகினால் என்ன ஆகும்? 440 ஹெர்ட்ஸில் ஒன்று, அதைவிட 10 சென்ட் மேலே இன்னொன்று. அரைச்சுரத்தின் நூறில் ஒரு பங்குதான் ஒரு சென்ட். எனவே இரண்டாவது ஏறத்தாழ 442.5 ஹெர்ட்ஸ். இரண்டும் சேரும்போது ஒலி வினாடிக்கு இரண்டரை முறை பெருத்துச் சிறுக்கும். தம்புரா சுருதி சேர்க்கும்போது இரு தந்திகளுக்கிடையே கேட்கும் அந்த அலைவு இதே வகைதான். அங்கே அது அடங்கும்வரை பிரடையையும் மணியையும் திருத்துவோம். இங்கே அதையே சரக்காக விற்கிறார்கள்.

ஏழு அலை என்றால் 21 ஜோடி. ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு வேகத்தில் அலைவு. விலகல்கள் சம இடைவெளியில் இல்லாததால் இந்த அலைவுகள் எளிதில் ஒரே கோலத்துக்குத் திரும்புவதில்லை. நான்கு சுரக் கார்டு ஒன்றை அழுத்தினால் 28 ரம்பப்பல் அலைகள் ஒரே நேரத்தில் ஓடும். 'சுவர் போன்ற ஒலி' என்பதன் கணக்கு இதுதான்.

இதிலிருந்து வரும் இரண்டு விளைவுகள் சென்னியைக் கேட்கப் பயன்படும்.

1. மேற்சுரங்களில் அலைவு வேகம் கூடும். அடிச்சுரத்தில் வினாடிக்கு 2.5 என்றால் மூன்றாவது மேற்சுரத்தில் ஏறத்தாழ 7.6. ஆகவே ஃபில்டரைத் திறக்கும்போது ஒலி பிரகாசமாவது மட்டுமல்ல, உள்ளே நடுங்குவதும் வேகமாகிறது. ஏற்றத்தின் பரபரப்பில் இதற்கும் பங்குண்டு.
2. ஏழு அலைகளும் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு கட்டத்தில், அதாவது அலைச் சுற்றின் வெவ்வேறு புள்ளியில், தொடங்குகின்றன. சாவியை அழுத்தும்போது அவை சேர்ந்து எழுகின்றனவா, ஒன்றையொன்று அழுத்துகின்றனவா என்பது முறைக்கு முறை மாறும். நீண்ட சுரத்தில் இது தெரியாது. 100 மில்லிசெகண்ட் மட்டும் ஒலிக்கும் குத்துச் சுரத்தில் நன்றாகத் தெரியும்: ஒரே சுரத்தை பத்து முறை தட்டினால் பத்தும் இம்மியளவு வேறுவேறு.

விலகலைக் கூட்டுவதில் ஒரு சிக்கல் உண்டு. கருவியில் அந்தக் குமிழ் நேர்க்கோட்டில் நடந்துகொள்வதில்லை. பெரும்பகுதி தூரம் மெல்ல நகர்ந்துவிட்டு, கடைசியில் திடீரென்று பாயும். முழுக்கத் திருப்பினால் ஓர அலைகள் ஏறத்தாழ இரண்டு அரைச்சுரம் தள்ளிப் போய்விடும். அப்போது கேட்பது கார்டு அல்ல, தேன்கூடு கலைந்த சத்தம்.

சென்னி என்ன செய்தார்

சென்னி இத்தாலியின் செசேனா ஊரில் 1983இல் பிறந்தவர். ரிமினி கடற்கரையின் பெரிய நடனக் கிளப்புகள் அருகிலேயே இருந்த வட்டாரம். அவரோ ஹார்ட்கோர் பங்க் இசைக்குழுவில் டிரம் வாசித்தவர். மது, போதை எதையும் தொடாத 'ஸ்ட்ரெயிட் எட்ஜ்' கொள்கைக்காரர். கூட்டம் மயங்கி ஆடும் இடத்தில் தெளிந்த தலையோடு ஓரமாக நின்று பார்த்தவர் என்ற அந்த நிலையைத்தான் அவர் தன் இசைக்கும் வைத்துக்கொண்டார். 'ரேவ் வாயர்', அதாவது கொண்டாட்டத்தை எட்டி நின்று பார்ப்பவன், என்பது அவரே பயன்படுத்தும் சொல். டிரம் வாசித்த ஒருவர் டிரம்மை நீக்கினார் என்பதைக் கவனியுங்கள். தாளம் தெரியாததால் விட்டுவிட்ட இசை இல்லை இது.

2012இல் எடிஷன்ஸ் மேகோ வெளியிட்ட 'குவாண்டம் ஜெல்லி'தான் திருப்பம். ஜேபி-8000 ஒன்றை மட்டும் வைத்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிவு ஏற்றாமல் செய்த ஆல்பம். கிக் கிடையாது. நீண்ட கார்டுகளும் பெரும்பாலும் கிடையாது. அவற்றைப் பொடிப்பொடியாக நறுக்கிய குத்துச் சுரங்கள், இடையே வெட்டவெளி மௌனம். புள்ளிகளால் தீட்டும் ஓவிய முறையை நினைவூட்டி 'பாயிண்டிலிஸ்டிக் டிரான்ஸ்' என்று இதற்குப் பெயர் வந்தது. நம் வழியில் சொன்னால், கோலத்தின் இழையை அழித்துவிட்டுப் புள்ளிகளை மட்டும் விட்டுவைத்தது. இழை எங்கே ஓட வேண்டும் என்பது பார்ப்பவருக்குத் தெரியும்.

2014இல் 'சூப்பர்இம்போசிஷன்ஸ்', 2016இல் வார்ப் நிறுவனத்தில் 'பெர்சோனா', 2020இல் அதே வார்ப்பில் 'ஸ்காக்கோ மாட்டோ'. கடைசியானது எட்டு டிராக் கொண்டது. புள்ளிகள் இங்கே மறுபடி மெட்டுகளாகக் கூடுகின்றன. அடித்தளத்தில் பேஸ் இருக்கிறது. சில இடங்களில் பாப் பாடலின் எலும்புக்கூடு போலவே இருக்கிறது. வழக்கமான கிக் மட்டும் இன்னும் வரவில்லை.

'குவாண்டம் ஜெல்லி' கொள்கை அளவில் துணிச்சலானது, ஆனால் முழுக்கக் கேட்பதற்குக் கொஞ்சம் வறட்சி. சில டிராக்குகளில் யோசனை முதல் இரண்டு நிமிடத்திலேயே புரிந்துவிடுகிறது, மிச்சம் நிரூபணம். 'ஸ்காக்கோ மாட்டோ'வில் அந்தக் குறை இல்லை. முதல் டிராக்கின் பெயர் 'டிசிப்ளின் ஆஃப் எந்தூசியாசம்', உற்சாகத்தின் ஒழுக்கம். அவருடைய முறைக்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் கிடைக்காது. இரண்டாவது 'எக்ஸ்பிரேக்கிங்எட்ஜ்எக்ஸ்'; இரு பக்கமும் எக்ஸ் போட்டு எழுதுவது ஸ்ட்ரெயிட் எட்ஜ் கூட்டத்தின் வழக்கம், 'எட்ஜை உடைப்பது' என்றால் அந்த நோன்பை முறிப்பது. பெயரில் நோன்பு முறிந்தாலும் டிராக்கில் முறிவதில்லை.

இதற்கு முன்பு: பெர்லின், 1981

டிராப் இல்லாத மயக்க இசை சென்னி கண்டுபிடித்ததில்லை. ஆஷ் ரா டெம்பல் என்ற ஜெர்மன் ராக் குழுவின் கிதார் கலைஞர் மானுவல் கெட்ஷிங், 1981 டிசம்பரில் பெர்லினில் தன் ஸ்டூடியோவில் ஒரே மூச்சில் வாசித்துப் பதிந்த 'இ2-இ4' ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஓடும். 1984இல்தான் வெளிவந்தது. இரண்டே கார்டுகள் மாறி மாறி வரும். சுர வரிசையைத் தானே திரும்ப வாசிக்கும் சீக்குவென்சரும் டிரம் மெஷினும் ஓடிக்கொண்டிருக்க, கை குமிழ்களில் சிறு சிறு மாற்றம் செய்துகொண்டே போகும். பாதி தூரம் போன பிறகுதான் கிதார் நுழையும். டிரான்ஸ் என்ற பெயரே பரவாத காலம் அது. பின்னால் வந்த ஹவுஸ், டெக்னோ, டிரான்ஸ் கலைஞர்கள் இதைத் தம் மூதாதையாக எண்ணினார்கள்.

தலைப்பு சதுரங்கத்தில் ராஜாவின் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளும் முதல் நகர்வு. பகுதிகளின் பெயர்களும் ஆட்டத்தின் போக்கைப் பின்பற்றுகின்றன. கடைசிப் பகுதி 'ரெமிஸ்', ஜெர்மன் மொழியில் ஆட்டம் சமன். சென்னியின் 'ஸ்காக்கோ மாட்டோ' இத்தாலிய மொழியில் ஷா மாத், ஆட்டம் முடிந்தது. பெயர்கள் ஒரே பலகையில் இருந்தாலும் கேட்கும் முறை நேர் எதிர். கெட்ஷிங்கில் தாளம் எப்போதும் இருக்கிறது, எதிர்பார்ப்பு மெல்லக் கரைகிறது. சென்னியில் எதிர்பார்ப்பு மட்டும் இருக்கிறது, தாளத்தை நாம்தான் போட வேண்டும். முதலாவதைப் பின்னணியில் ஓடவிட்டு வேலை பார்க்கலாம். இரண்டாவது அதற்கு இடம் தராது. பத்து நிமிடத்தில் எழுந்து நிறுத்திவிடுவீர்கள்.

கேட்கும் கருவி எங்கே ஏமாற்றும்

கிக் டிரம் உள்ள இசை மோசமான ஸ்பீக்கரிலும் எப்படியோ பிழைத்துக்கொள்ளும். குத்துச் சுரமும் மௌனமும் மட்டுமே உள்ள இசை பிழைக்காது. அடிக்கடி நேரும் கோளாறுகள் இவை:

1. போன் ஸ்பீக்கர். 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே அதில் பெரிதாக ஒன்றும் வராது. அடிச்சுரம் இல்லாவிட்டாலும் மேற்சுரங்களை வைத்து மூளை சுரத்தை ஊகித்துக்கொள்ளும் என்பதால் மெட்டு புரியும், கனம் புரியாது. 'ஸ்காக்கோ மாட்டோ'வின் பேஸ் அசைவுகள் முற்றிலும் காணாமல் போகும்.

2. ஒற்றைக் காதில் இயர்பட். இடமும் வலமும் சேர்ந்து மோனோ ஆகும்போது, கோரஸ், எக்கோ போட்டு அகலப்படுத்திய ஒலியின் சில அதிர்வெண்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். மோனோவாக்காமல் ஒரு பக்கத்தை மட்டும் தரும் கருவியில் பாதிச் சுரங்கள் மறுபக்கத்தில் தங்கிவிடலாம். ஸ்டீரியோ கட்டாயம்.

3. புளூடூத்தின் மௌன விழுங்கல். மின்சாரத்தை மிச்சப்படுத்த, ஒலி இல்லாதபோது தன்னை அடைத்துக்கொள்ளும் கருவிகள் சில உண்டு. மறுபடி ஒலி வரும்போது முதல் சில மில்லிசெகண்ட் போய்விடும். வழக்கமான பாட்டில் யாரும் கவனிக்க மாட்டார்கள். இங்கே சுரமே 100 மில்லிசெகண்ட்தான். தலையை வெட்டினால் முண்டம்தான் கேட்கும். மௌனத்துக்குப் பிறகு வரும் முதல் சுரம் மட்டும் மழுங்கலாக இருந்தால் சந்தேகம் வேண்டாம், கம்பி இயர்போனில் கேளுங்கள்.

4. குறைந்த தர எம்பி3. இந்த முறை ஒலியை ஏறத்தாழ 26 மில்லிசெகண்ட் துண்டுகளாக எடுத்துச் சுருக்குகிறது. மௌனத்திலிருந்து திடீரென எழும் சுரம் ஒரு துண்டின் நடுவில் வந்தால், சுருக்குவதில் வரும் இரைச்சல் சுரத்துக்கு முன்னாலும் பரவும். அடிக்கு முன்பே ஒரு 'ஷ்' நிழல் கேட்கும். 128 கேபிபிஎஸ்ஸில் உச்ச அதிர்வெண்களும் பெரும்பாலும் 16,000 ஹெர்ட்ஸ் வாக்கில் நறுக்கப்படும். 320 இருந்தால் போதும். அதற்கு மேல் செலவு செய்வது இந்த இசைக்கு அவசியமில்லை.

5. பேஸ் பூஸ்ட். கிக் இல்லாத வெறுமையை நிரப்பலாம் என்று பலர் கை வைப்பது இதில்தான். ஏற வேண்டிய கிக் அங்கே இல்லை. ஏறுவது சிந்தசைசரின் கீழ்ப்பகுதி மட்டும். சுரங்களுக்கு இடையே இருந்த வெட்டவெளி சேறாகும், உச்சங்கள் கிழியும். ஈக்வலைசரை அணைத்துவிடுங்கள். ஒரு டிராக்கை அடுத்ததோடு கலக்கும் கிராஸ்ஃபேட், '3டி' வசதிகளையும் சேர்த்து.

6. ஷஃபிள். ஸ்பாட்டிஃபை போன்ற செயலிகள் ஒலியளவைச் சமன்செய்கின்றன. அங்கே இயல்பு இலக்கு −14 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் ஒலியளவை அளக்கும் அலகு). ஆல்பத்தை வரிசையாக ஓடவிட்டால் முழு ஆல்பத்துக்கும் சேர்த்து ஒரே அளவு மாற்றம். மெல்லிய டிராக் மெல்லியதாகவே இருக்கும். ஷஃபிளில் போட்டால் ஒவ்வொரு டிராக்கும் தனித்தனியே சமன் செய்யப்படும். கலைஞர் வைத்த ஏற்ற இறக்கம் அங்கே போய்விடுகிறது.

ஒலியளவு பற்றி ஒரு எச்சரிக்கை. கிக் இல்லாத இசையில் அளவு எவ்வளவு என்று உடம்பு சொல்லாது, நெஞ்சில் மோதும் அடி இல்லையே. காது பிரகாசத்தைத் தேடி அளவை ஏற்றிக்கொண்டே போகும். காது மிக நுட்பமாக உணரும் 2000 முதல் 5000 ஹெர்ட்ஸ் பகுதியில்தான் சூப்பர்சா திறந்தவுடன் ஆற்றலைக் கொட்டும். பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம். 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகும். மௌனமான இடத்தில் அளவை வைக்காமல், ஃபில்டர் முழுக்கத் திறந்த இடத்தைத் தேடி அங்கே வசதியாக இருக்கும்படி வைத்துவிட்டு, பிறகு தொடவேண்டாம்.

கேட்கும் வரிசை

ஒரே அமர்வில் எல்லாவற்றையும் கேட்பது வேண்டாம். கீழ்க்கண்ட வரிசையை ஒன்றிரண்டு நாள் இடைவெளியோடு செய்தால் போதும்.

1. முதலில் 1990களின் முடிவில் வந்த வழக்கமான நீண்ட டிரான்ஸ் டிராக் ஒன்று, ஏழெட்டு நிமிடம் ஓடுவது, ரேடியோவுக்காகச் சுருக்கிய பதிப்பு அல்ல. பிரேக்டவுன் எங்கே தொடங்குகிறது, டிராப் எங்கே விழுகிறது என்று நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்த இலக்கணம் காதில் ஏறாமல் சென்னிக்குப் போவதில் பயனில்லை.

2. அடுத்து 'ஸ்காக்கோ மாட்டோ', முதல் டிராக்கிலிருந்து வரிசையாக. முதல் தடவை ஒன்றும் எண்ணாமல் கேளுங்கள்.

3. இரண்டாம் தடவை காலால் தாளம் போடுங்கள். நான்கு நான்காக எண்ணி, ஒவ்வொரு எட்டு பாருக்கும் ஒரு விரல் மடக்குங்கள். மௌனம் வரும்போதும் காலை நிறுத்தக் கூடாது. சுரம் திரும்பும்போது உங்கள் காலோடு சேர்ந்து விழுகிறதா, முன்பின்னாக விழுகிறதா என்று பாருங்கள். தாளத்தை நாம்தான் போட வேண்டும் என்று மேலே சொன்னது உவமையாகச் சொன்னதில்லை.

4. மூன்றாம் தடவை ஒரே ஒரு குமிழைப் பின்தொடருங்கள்: ஃபில்டர். ஒரு தொடர் எந்த இடத்தில் போர்வைக்குள் இருக்கிறது, எந்த இடத்தில் கத்தியாகிறது, திறந்த பிறகு என்ன செய்கிறார். மெட்டை மறந்துவிடலாம், அது தானாக வந்துசேரும்.

5. இதன் பிறகே 'குவாண்டம் ஜெல்லி'. ஒரு அமர்வுக்கு இரண்டு டிராக் போதும். இங்கே பின்தொடர வேண்டியது சுரத்தின் தொடக்க முனை. ஒரே சுரம் திரும்பத் திரும்பத் தட்டப்படும் இடத்தில், ஏழு அலைகளின் கட்டம் மாறுவதால் வரும் இம்மி வேறுபாட்டைக் காது பிடிக்கிறதா பாருங்கள். ஹெட்போன் இல்லாமல் இது நடக்காது.

6. களைத்த காதுக்கு 'இ2-இ4', முழு நீளம், இடையில் நிறுத்தாமல். கிதார் வரும் கணத்தில் அதற்கு முந்தைய அரை மணி நேரம் எதற்கு என்று தெரிந்துவிடும்.

7. கடைசியாக, முதலில் நேரம் குறித்த அந்தப் பழைய டிரான்ஸ் டிராக்கை மறுபடி எடுங்கள். பிரேக்டவுனிலிருந்து ஓடவிட்டு, டிராப்புக்கு அரை வினாடி முன்னால் நிறுத்துங்கள். மறுபடி பிரேக்டவுனுக்குப் போய் மறுபடி நிறுத்துங்கள். நான்கைந்து முறை செய்த பிறகு கடைசியில் கிக்கை விழவிட்டுப் பாருங்கள். முதல் நாளில் இருந்த அளவு அது பெரிதாகக் கேட்கிறதா?